ரசம் வழிந்த அடுப்பும் குண்டூர் சூரியனும்

(பெங்களூரு அல்சூரில் ஒரு ஞாயிறு மாலை தமிழன்பர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள். சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி வந்தவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

வீட்டில் ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தால் என்ன ஆகும்? திட்டு விழும். அதற்கு முன்னாலேயே, நீலமாக எரிந்துகொண்டிருந்த கேஸ் சட்டென்று மஞ்சளாகிவிடும். மஞ்சள்தூள் போட்டதால் என்று நினைக்காதீர்கள். உப்பில் இருக்கும் சோடியம் செய்கிற வேலை அது. தீபாவளிக்கு ஓசூர் போய் வாங்கி வருகிறோமே மத்தாப்பு, அதில் பச்சை பேரியத்தால், சிவப்பு ஸ்ட்ரான்ஷியத்தால்.

கொல்லன் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பும் சிவப்புதானே, அதை வைத்து இரும்பு என்று சொல்லலாமா? முடியாது. கட்டியாக இருக்கும் எந்தப் பொருளைக் காய்ச்சினாலும் அந்தச் சிவப்புதான் வரும். அணுக்கள் ஆவியாகித் தனித்தனியாக நிற்கும்போதுதான் ஒவ்வொன்றும் தன் சொந்த நிறத்தைக் காட்டும். அணுவுக்குள் எலக்ட்ரான் நிற்கப் படிகள் உண்டு, நடுவில் நிற்க இடமில்லை. சூடு மேலே ஏற்றிவிடுகிறது. இறங்கும்போது படி உயரத்துக்கு ஏற்ற ஒளி வெளியே வருகிறது. படிகளின் உயரம் தனிமத்துக்குத் தனிமம் வேறு.

ஒரு தடவை மாணவர்கள் முன்னால் பொட்டாசியத்தைக் காட்டினேன். "இப்போது வெளிர் ஊதா வரும் பாருங்கள்" என்று கம்பியைத் தீயில் நீட்டினால், மஞ்சள்! கம்பியைக் கையால் துடைத்திருந்தேன். விரல் வியர்வையில் இருந்த உப்பு ஊதாவை அமுக்கிவிட்டது. அப்புறம் அமிலத்தில் தோய்த்துத் தோய்த்துக் கம்பியைச் சுட்டெடுத்தேன். பையன்கள் அதற்குள் சிரித்து முடித்திருந்தார்கள்.

வெறுங்கண் இப்படி ஏமாறும் என்பதால்தான் 1859இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிர்ச்சாஃப், புன்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் தீயின் ஒளியைப் பட்டகம் என்ற முக்கோணக் கண்ணாடியின் வழியே பிரித்துப் பார்த்தார்கள். சோடியத்தின் மஞ்சள் ஒட்டினாற்போல் இரண்டு கோடுகளாக நின்றது: அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர். மறு வருடம் ஜெர்மனியின் டுர்க்ஹைம் ஊர் ஊற்று நீரில் அதுவரை யாரும் பார்க்காத நீலக் கோடுகள் தெரிந்தன. கோட்டைப் பார்த்தே புதுத் தனிமம் என்று சொல்லிவிட்டார்கள். அதுதான் சீசியம். பிறகு அந்த நீரை 40 டன்னுக்கும் மேல் சுண்டக் காய்ச்சி எடுத்த சீசியம் குளோரைடு ஏழு கிராம் சொச்சம்! அந்தப் பொறுமை எனக்கு வராது.

இனி நம் பக்கத்துக் கதை. 1868 ஆகஸ்ட் 18, முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரில் கருவியோடு காத்திருந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில். சூரிய விளிம்பின் பிழம்புகளில் பளிச்சென்று ஒரு மஞ்சள் கோடு. சோடியம் என்று நினைக்கத்தானே தோன்றும்? அந்த அக்டோபரில் இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் அளந்து பார்த்தபோது கோடு கொஞ்சம் தள்ளி, 587.6 பக்கம் நின்றது. வித்தியாசம் இரண்டு நானோமீட்டர்கூட இல்லை. ஆனால் அது சோடியமே அல்ல, ஹீலியம். பூமியில் அதை வேதியியலாளர் ராம்சே கண்டுபிடித்தது 1895இல்தான். 27 வருடம் கழித்து.

பேச்சு போதும். மூலையில் இன்னும் பழைய குண்டு டியூப் லைட் ஒன்று தொங்குகிறது, பக்கத்தில் எல்இடி பல்பு. நான்கு பழைய சிடி கொண்டுவந்திருக்கிறேன், அதுவும் பட்டகம்போல ஒளியைப் பிரித்துக் காட்டும். சாய்த்துப் பிடித்து இரண்டையும் பாருங்கள். பல்பில் நிறங்கள் ஒன்றோடொன்று இழைந்து போகும். டியூபில் பச்சையிலும் ஊதாவிலும் தனியாகத் தூக்கலாக ஒளி தெரியும். குழாய்க்குள் இருக்கும் பாதரசம் அது. குழந்தைகள் முதலில் வாருங்கள். தள்ளாதீர்கள், சிடி நான்குதான்.