புற்றைக் கட்டியது குயவனா? கடவுள் கேள்விக்குள் ஒரு கறையான்

[காட்சி: இலங்கையின் பசறைப் பக்கம், ஒரு தேயிலை மலை. செடிகளுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் புற்று. அடியில் மஞ்சள் பூசிய கல், வாடிய செவ்வரளிப் பூ.]

இந்தப் புற்றை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "உலகம் இத்தனை நுணுக்கமாக இருக்கிறதே, படைத்தவன் ஒருவன் இல்லாமல் எப்படி?" என்ற வாதத்தை ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பிடித்து உலுக்கினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சாட்சி வானமும் அல்ல, நட்சத்திரமும் அல்ல. இதே புற்றுதான்.

வணக்கம் உறவுகளே. கோயில் திருவிழாவில் கேட்டிருப்பீர்கள், சபையில் கேட்டிருப்பீர்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்கும்போதுகூடக் கேட்டிருப்பீர்கள்: "கண்ணைப் பார், பூவைப் பார், இதெல்லாம் தானாக வருமா?" நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். அதனால்தான் இந்த வாதத்தைச் சும்மா தலையாட்டி ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. நம்புகிற விஷயத்துக்கு முட்டுக் கொடுக்கும் தூண் உளுத்துப்போயிருந்தால், முதலில் தட்டிப் பார்க்க வேண்டியவன் நம்புகிறவன்தான்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1802இல் வில்லியம் பேலி என்ற ஆங்கிலப் பாதிரியார் ஒரு கடிகாரத்தை உதாரணம் காட்டினார். வெட்டவெளியில் கடிகாரம் ஒன்று கிடந்தால், அதைச் செய்தவர் ஒருவர் உண்டு என்று நினைப்போம் அல்லவா, உலகமும் அப்படித்தான் என்றார். நமக்குக் கடிகாரம் எதற்கு? தெமோதரை ரயில் நிலையம் இருக்கிறது. பதுளை நோக்கிப் போகும் ரயில், அந்த நிலையத்தைத் தாண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, தான் சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. அந்த வளைவை முதன்முதலாகப் பார்க்கும் குழந்தைகூட "இதை யார் யோசித்தது?" என்றுதான் கேட்கும்.

ஆனால் நமக்கு அது எப்படித் தெரிகிறது? ரயில் பாதைகளை மனிதர்கள் போடுவதை நாம் அறிவோம். அளந்தவர், வரைந்தவர், மண் வெட்டியவர் எல்லோரும் இருந்தார்கள். பிரபஞ்சங்கள் உண்டாவதை யார் பார்த்திருக்கிறார்கள்? கையில் இருப்பது ஒன்றே ஒன்று. இதைக் கேட்டவர் டேவிட் ஹியூம் என்ற ஸ்கொட்லாந்துத் தத்துவஞானி. அவர் எழுதியது, அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779இல் அச்சானது. கடிகார உதாரணம் வருவதற்கு முன்பே அதற்கான பதில் அச்சில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பிறகு 1859இல் டார்வின் வந்தார். சிறு சிறு மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சலிக்கப்பட்டாலே கண் போன்ற நுணுக்கமான உறுப்பு உருவாகலாம் என்று காட்டினார்.

இப்போது நான் சொல்லத் துடிக்கும் இடத்துக்கு வருகிறேன்.

இந்தியத் தத்துவத்தில் நியாய மரபினர் கடிகாரம் சொல்லவில்லை, பானை சொன்னார்கள். பானை என்ற காரியம், அதாவது உண்டாக்கப்பட்ட பொருள், இருந்தால் அதைச் செய்த குயவன் உண்டு. பூமியும் மலையும் காரியங்களே. ஆகவே அவற்றுக்கும் ஒரு கர்த்தா, செய்தவன், உண்டு. இதை எதிர்த்தவர் தர்மகீர்த்தி என்ற பௌத்த அறிஞர். ஏறத்தாழ 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். தெற்கே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவர் சொன்னதன் சாரம் இது: பானையும் மண்ணால் ஆனது, புற்றும் மண்ணால் ஆனது. மண்ணால் ஆனது என்ற ஒன்றை வைத்துக்கொண்டு கர்த்தாவை முடிவு செய்வதானால், புற்றையும் குயவன்தான் செய்தான் என்று சொல்ல வேண்டிவரும்.

இதை முதன்முதலில் வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். நான் பிறந்த லயத்துக்குப் பின்னால் புற்று இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் என் அப்பாயி அதற்குப் பால் ஊற்றுவார். கவ்வாத்து வெட்டுகிறவர்கள்கூட அதைச் சுற்றி ஓரடி விட்டே வெட்டுவார்கள். நாங்கள் தெய்வம் குடியிருப்பதாகக் கும்பிட்ட அதே மண்மேட்டை, படைப்புக் கடவுளுக்கு எதிரான சாட்சியாக ஒருவர் நிறுத்தியிருக்கிறார்!

[காட்சி: உடைந்த புற்றின் பக்கவாட்டு, மிக அருகில்.]

சென்ற ஐப்பசி மழையில் அந்தப் புற்றின் ஒரு பக்கம் சரிந்தது. அரை மணி நேரம் குந்தியிருந்து பார்த்தேன். முதலில் பெரிய தலையும் கொடுக்கு போன்ற தாடையும் உள்ள காவல் கறையான்கள் உடைந்த விளிம்புக்கு வந்து நின்றன. அவற்றுக்கு இடையில் தொழிலாளிக் கறையான்கள். ஒவ்வொன்றின் வாயிலும் கடுகை விடச் சிறிய ஈர மண் உருண்டை. வந்தது, விளிம்பில் வைத்தது, தலையை ஆட்டி ஆட்டி அழுத்தியது, திரும்பிப் போனது. அடுத்தது வந்து அதன் பக்கத்தில் வைத்தது. மேற்பார்வை பார்க்கக் கங்காணி இல்லை. கையில் வரைபடம் இல்லை. பார்க்கக் கண்ணும் இல்லை. இந்தத் தொழிலாளிகள் பார்வையற்றவை.

பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் போல் கிராசே 1959இல் இதற்கு விளக்கம் தந்தார். ஒரு கறையான் வைத்த மண்ணே அடுத்த கறையானுக்கு ஏவல். வேலை முடிந்த இடமே "இனி இங்கே வை" என்று சொல்கிறது. அந்த ஏவல் வாசனையாலா, ஈரத்தாலா, மேற்பரப்பின் வளைவாலா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எதுவானாலும், முழுப் புற்றின் உருவத்தை மனத்தில் வைத்திருக்கும் கறையான் ஒன்றுகூட உள்ளே இல்லை.

உருவமோ லேசுப்பட்டது அல்ல. உள்ளே கறையான்கள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கின்றன. மழைக்குப் பிறகு நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக் காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான். புற்று மூச்சும் விடுகிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தியாவில் நம் கறையான்களின் இனத்தைச் சேர்ந்த ஒரு வகையின் புற்றுக்குள் காற்றோட்டத்தை அளந்து பார்த்தார்கள். பகலில் வெளிப்பக்க மெல்லிய மடிப்புகள் நடுப்பகுதியை விட விரைவில் சூடாகின்றன. அங்கே காற்று மேலேறுகிறது, நடுவே கீழிறங்குகிறது. இரவில் வெளிப்பக்கம் முதலில் குளிர்கிறது, ஓட்டம் அப்படியே திரும்புகிறது. பகலும் இரவும் மாறி மாறி வருவதையே துருத்தியாக்கி, உள்ளே தேங்கும் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது அந்த மண்மேடு!

தர்மகீர்த்திக்கு இது எதுவும் தெரியாது. ஆனால் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார். நுணுக்கமான அமைப்பு மட்டுமே திட்டம் போட்டவனைக் காட்டிவிடாது.

உடனே நீங்கள் கேட்பீர்கள், கருத்துப் பகுதியிலும் எழுதுவீர்கள்: "சரி, அந்தக் கறையானைப் படைத்தது யார்?" நல்ல கேள்வி. ஆனால் கவனியுங்கள், கேள்வி ஒரு படி இறங்கிவிட்டது. புற்றிலிருந்து கறையானுக்கு, கறையானிலிருந்து பரிணாமத்துக்கு, அங்கிருந்து இயற்கை விதிகளுக்கு. கடைசிப் படியில் நிற்பது இதுதான்: விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு சம்பவம். நம் உடலிலும் தேயிலைக் கொழுந்திலும் உள்ள காபன், நட்சத்திரங்களுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்து உண்டாவது. காபன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட சக்தி நிலை இல்லாவிட்டால் இந்த இணைப்பு மிக அரிதாகவே நடக்கும். பிரபஞ்சத்தில் காபன் இத்தனை இருக்கிறது, ஆகவே அந்த நிலையும் இருந்தே ஆக வேண்டும் என்று 1953இல் ஆங்கில வானியலாளர் பிரெட் ஹொயில் கணித்துச் சொன்னார். கலிபோர்னியாவில் தேடிப் பார்த்தார்கள். இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவராக அறியப்பட்ட அதே ஹொயில், ஏதோ ஒரு பேரறிவு பௌதிக விதிகளில் கை வைத்தது போலத் தோன்றுகிறது என்று பின்னாளில் எழுதினார். எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருந்தால், அவற்றில் உயிருக்கு ஒத்துவரும் ஒன்றில்தான் நாம் இருக்க முடியும், அதில் வியப்பென்ன என்பது மறுதரப்பின் பதில். அந்த மற்றப் பிரபஞ்சங்களை எவரும் கண்டதில்லை. விதிகளைத் திருத்திய கையையும் எவரும் கண்டதில்லை. என்றாலும் கண்ணைக் காட்டும் வாதத்தை விட, விதிகளைக் காட்டும் இந்த வாதம்தான் கனமானது என்பது என் கருத்து.

என் மனம் நிற்கும் இடம் இன்னும் பழையது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பா "அவன், அவள், அது" என்று தொடங்குகிறது. இப்படிச் சுட்டிக் காட்டத்தக்க உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. ஒடுங்கியது எவனிடத்தில் ஒடுங்கியதோ, அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும். அதனால் "அந்தம் ஆதி", முடிவாக நிற்பவனே முதல்வன். சைவ சித்தாந்தமும் குயவனைச் சொல்கிறது: மண் மாயை (உலகுக்கான மூலப்பொருள்), சக்கரம் சக்தி, குயவன் இறைவன். மண்ணையே இல்லாமையிலிருந்து வரவழைத்தான் என்று சொல்வதில்லை.

இந்த நூற்பாவில் "எத்தனை நுணுக்கம் பார்" என்ற பேச்சே இல்லை! கண்ணும் வேண்டாம், மூளையும் வேண்டாம், ஒரே ஒரு கொழுந்து போதும். துளிர்க்கிறது, விரிகிறது, உதிர்கிறது. தர்மகீர்த்தி இதையும் விடமாட்டார், "ஒடுங்குவதற்கு ஒடுக்குபவன் எதற்கு?" என்பார். கேட்கட்டும். குறைந்தபட்சம் இப்போது இருவரும் ஒரே கேள்வியின் மேல் நிற்கிறார்கள். நாளைக்கே ஆய்வாளர்கள் இன்னொரு உறுப்பு உருவான விதத்தை விளக்கினாலும் என் சாமிக்கு ஓர் அங்குலம் இடம் குறைந்துவிட்டது என்று நான் பதற வேண்டியதில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாயியிடம் கறையான் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே செம்பைத் தூக்கினார். சரிந்த பக்கம் அடைபட்டிருந்தது; புதுமண் மட்டும் பழைய மண்ணை விடக் கறுப்பாக, ஈரமாக இருந்தது. "அந்தப் பக்கம் ஊத்தாத, இன்னும் காயல" என்று அவரே சொல்லிக்கொண்டு, பாலை மறுபக்கம் ஊற்றினார்.

உங்கள் மலையிலும் புற்று இருக்கும். மழை உடைத்துப் போட்டால் அரை மணி நேரம் அருகே இருந்து படம் பிடித்து அனுப்புங்கள். படத்துக்காக நீங்கள் உடைத்துவிடாதீர்கள்.

[காட்சி: பால் வழிந்த மண், அதன் மேல் ஊரும் ஒற்றைக் கறையான்.]