அழி ரப்பரும் அப்ரேஷனும்

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் கொஞ்சம் கனமான இங்கிலீஷ் சொற்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று பேச அழைத்திருக்கிறார்கள். முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவன் நான். ஒரு பிள்ளையின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

குலசேகரம் பக்கத்துப் பிள்ளை. அப்பாவுக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. தினமும் இருபது சொல், எதிரே தமிழ் அர்த்தம் என்று எழுதி உருப்போடுவாள். வெள்ளிக்கிழமை கேட்டால் கடகடவென்று ஒப்பிப்பாள். திங்கட்கிழமை பாதிகூட இருக்காது. ஒருநாள் கண்கலங்கி, "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்றாள்.

டெஸ்க்கில் அவளுடைய அழி ரப்பர் கிடந்தது. "மக்களே, இதுக்கு ஏன் ரப்பர்னு பேரு?" என்று கேட்டேன். "ரப்பர் மரத்துப் பால்ல செய்யுறதுனால சார்."

நடந்தது அதற்கு நேர்மாறு. இந்தப் பொருள் பென்சில் எழுத்தை நன்றாக அழிக்கிறது என்று 1770-இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானி எழுதினார். 'ரப்' என்றால் தேய். தேய்த்து அழிப்பதால் ரப்பர். அந்தப் பெயர்தான் பிறகு மரத்துக்கும் போனது. அப்பா விடியுமுன்னே போய் வெட்டுகிற மரத்துக்குத் தன் பென்சில் பெட்டியிலிருந்து பெயர் போயிருக்கிறது என்றதும் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சரி, அழிப்பதற்கு இங்கிலீஷில் என்ன? எரேஸ். அதற்குள் 'சுரண்டு' என்ற பொருளில் ஒரு லத்தீன் வினை இருக்கிறது. முன்னால் நிற்கிற 'எ' என்றால் வெளியே. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் தோலில் எழுதினார்கள். எழுதியதை நீக்கக் கத்தியால் சுரண்டி எடுப்பார்கள். சலூன் கடை ரேசரும் அதே வினையிலிருந்து வந்ததுதான். "இதே குடும்பத்தில் வேறே சொல் பார்த்திருக்கியா?" என்றேன். நெடுநேரம் யோசித்தாள். போன மாதம் சைக்கிளிலிருந்து விழுந்தபோது டாக்டர் சீட்டில் 'அப்ரேஷன்' என்று எழுதியிருந்ததாம்! சிராய்ப்பு. அவளே கண்டுபிடித்தாள், நான் சொல்லவில்லை. அப்புறம் அப்ரேசிவ்: உப்புத்தாள் அப்ரேசிவ், மனசைச் சிராய்க்கிற மாதிரிப் பேசுகிறவரும் அப்ரேசிவ். மறுவருஷம் கேட்டேன், அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவளுக்கு மறக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோருக்குச் சொல்கிறேன், சொல்லைத் தனியாகக் கொடுக்காதீர்கள், சொந்தபந்தத்தோடு கொடுங்கள். கல்யாண வீட்டில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "யாரு வீட்டுப் பிள்ளை?" என்றுதானே கேட்கிறோம்? சொல்லையும் அப்படிக் கேட்க வேண்டும். 'ஸ்பெக்ட்' என்றால் பார். மூக்குக் கண்ணாடிக்குச் சொல்கிற ஸ்பெக்டக்கிள்ஸில் அது இருக்கிறது, இன்ஸ்பெக்டரிடம் இருக்கிறது. சுற்றிலும் பார்த்து நிதானமாக நடப்பவர் சர்கம்ஸ்பெக்ட். பெரிய சொல்தான், ஆனால் உறவு தெரிந்தபிறகு மிரட்டாது.

கடற்கரைப் பிள்ளைகள் இங்கிலீஷ் அகராதியில் கேட்டமரான் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். நம் கட்டுமரம்தான். இன்று அங்கே அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. நம் துறையில் நிற்பதும் அதுவும் ஒன்றல்ல. ஒரு சொல் ஊர்விட்டு ஊர் போகும்போது பொருளும் மாறும் என்பதற்கு நம் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது.

நேரம் முடியப் போவதாகச் சைகை காட்டுகிறார்கள். இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சொல்லுக்குத் துணை உண்டு. நம் சாரல் பலத்துப் பெய்தால் ஹெவி ரெயின், ஆரல்வாய்மொழிக் காற்று ஸ்ட்ராங் விண்ட். மழையை ஸ்ட்ராங் என்பதில்லை. அதனால் நோட்டில் ஒற்றைச் சொல்லாக எழுதாமல் ஜோடியாக எழுதுங்கள். இரண்டாவது, மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885-இல் எழுதினார். ஆகவே படித்த சொல்லை மறுநாளே பாருங்கள், அப்புறம் மூன்று நாள் விட்டு, பிறகு ஒரு வாரம் விட்டு. பார்க்கும்போது தமிழ் அர்த்தத்தை மூடி வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை வைத்து உங்கள் ஊரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள். வணக்கம்.