ரேஸ்ட்லினுக்கு மீட்சி உண்டா?

அவையில் கூடியிருக்கும் நண்பர்களுக்கு வணக்கம்.

பகடை உருட்டி விளையாடுகிறவர்கள் நாற்பது ஆண்டுகளாக வாதாடி ஓயாத ஒரு வழக்கை இன்று என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். டிராகன்லான்ஸ் உலகத்து மந்திரவாதி ரேஸ்ட்லின் மஜேர் கடைசியில் மீண்டானா, இல்லையா? எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பெயரை இன்றுதான் முதல்முறையாகக் கேட்கும் சிலர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, பேசிப் பேசியே ஒரு கதையை வளர்ப்பதுதான் ரோல்பிளேயிங் கேம். நடுவில் ஒருவர் கதையை நடத்துவார். வாள் வீச்சு பட்டதா, பூட்டு திறந்ததா என்பதைப் பகடை சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் தாய். அதை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனம் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்தது. அங்கே வேலைக்கு வந்த ட்ரேசி ஹிக்மனும், பதிப்பாசிரியராக வந்த மார்கரெட் வைஸும், கூட இருந்த பலரும் சேர்ந்து உருவாக்கிய உலகம்தான் டிராகன்லான்ஸ். 1984-ல் அதன் முதல் விளையாட்டுத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் முதல் நாவலும் வந்தது. விளையாட்டும் நாவலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டு இரட்டைத் தண்டவாளமாக ஓடின.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். ரேஸ்ட்லின் காகிதத்தில் பிறந்தவன் இல்லை. தொடக்கத்தில் அவன் ஒரு பெயரும் சில எண்களும் மட்டும்தான். ஹிக்மனின் வீட்டில் நண்பர்கள் சோதனைக்காக விளையாட உட்கார்ந்தபோது, அந்தப் பாத்திரம் ஒரு நண்பருக்குக் கிடைத்தது. அவர் வாயைத் திறந்து, கரகரத்த, கிசுகிசுத்த, கசப்பு வழியும் ஒரு குரலில் பேசினார். யாரும் சொல்லிக்கொடுக்காத குரல். அந்தக் குரலிலிருந்துதான் இருமல் வந்தது, நோயுற்ற உடல் வந்தது, எல்லாரையும் தூரத்தில் நிறுத்தும் அந்தப் பார்வை வந்தது. மேசையில் விளையாடிய ஒருவர் உயிர் கொடுத்த பாத்திரம் என்பதால், மேசையில் விளையாடுகிற எல்லாரும் அவன் தங்களுக்கும் சொந்தம் என்று நினைக்கிறார்கள். அந்த உரிமை எனக்கு நியாயமாகவே படுகிறது.

ரேஸ்ட்லினும் காரமனும் இரட்டையர். காரமன் மூத்தவன், மலைபோல உடம்பு, போர்வீரன். ரேஸ்ட்லின் பிறந்தபோதே பிழைப்பானா என்ற நிலை. வேறொரு தந்தைக்குப் பிறந்த, தாய் வழியில் அக்காவான கிட்டியாரா விடாமல் பார்த்துக்கொண்டதால் பிழைத்தவன். அந்தக் காலத்து விளையாட்டு விதியிலேயே இந்த ஏற்றத்தாழ்வு பதிந்திருக்கிறது. எவ்வளவு அடி தாங்குவான் என்று சொல்லும் எண்தான் உயிர்ப்புள்ளி. போர்வீரனின் உயிர்ப்புள்ளியைப் பத்துப் பக்கப் பகடை முடிவு செய்யும். மந்திரவாதிக்கு நாலு பக்கப் பகடைதான். மந்திரத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் அது நினைவிலிருந்து அழிந்துவிடும். தூங்கி எழுந்து, புத்தகத்தைப் பார்த்து மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். அதுவரை அவனைக் காக்க வேறொருவர் வாளோடு நிற்க வேண்டும். விளையாடியவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தன் உயிருக்கு அண்ணனை நம்பி நிற்கும் நிலையும், அந்த நம்பிக்கையே புண்ணாகிப் போவதும் முதல் நாள் ஆட்டத்திலேயே புரிந்துவிடும்.

அடுத்து, வழக்குக்கு அடிப்படையான சோதனை. டிராகன்லான்ஸ் கதை நடக்கும் கிரின் என்ற உலகத்தில் மந்திரம் கற்கிறவன் ஒரு கட்டத்துக்கு மேல் போக வேண்டுமானால், வேரெத் என்ற இடத்திலுள்ள உயர்மந்திரக் கோபுரத்தில் சோதனைக்கு நிற்க வேண்டும். தோற்றால் சாவு. வழக்கத்தைவிட இளைய வயதிலேயே ரேஸ்ட்லின் உள்ளே போகிறான். பிழைத்துத் திரும்பும்போது உடல் நொறுங்கியிருக்கிறது, தோல் பொன்னிறமாகியிருக்கிறது, கண்மணிகள் மணற்கடிகார வடிவத்தில் இருக்கின்றன. அந்தக் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் அது மூப்படைவதும் அழுகுவதும்தான் தெரியும். கோபுரத்தின் தலைவர் பார்-சாலியன் அவனுக்கு இரக்கம் வரட்டும் என்றுதான் அந்தக் கண்ணைக் கொடுத்தார். கூடவே ஒரு கோலையும் கொடுத்தார். மேஜியஸின் கோல் என்று அதற்குப் பெயர்.

அந்தச் சோதனைக்குள் நடந்த ஒன்றை மறந்துவிடாமல் வைத்திருங்கள். அண்ணன் காரமன் தன்னைக் காப்பாற்ற ஓடி வருவதையும், வந்தவன் கையிலிருந்து மந்திரம் பிறப்பதையும் ரேஸ்ட்லின் பார்க்கிறான். உடல் வலிமை, அழகு, எல்லாருடைய அன்பு என்று அத்தனையும் வாய்த்த அண்ணனுக்கு, தனக்கென்று இருந்த அந்த ஒன்றும் சுலபமாக வந்துவிடுகிறது. பொறாமையில் அவனைக் கொன்றுவிடுகிறான். கொல்லப்பட்டது மாயத்தோற்றம். ஆனால் கொன்றவன் அதை அறியாமல்தான் கொன்றான். உண்மையான காரமன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்த பிறகும் தம்பிக்கு மூலிகைக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்துக்கொண்டே கூட நடந்தான்.

முதல் மூன்று நாவல்களில் அவன் செய்ததை விரைந்து சொல்லிவிடுகிறேன். ரத்தக்கடலின் பெருஞ்சுழலில் கப்பல் மாட்டிக்கொண்டபோது, அண்ணன் கெஞ்சக் கெஞ்ச, டிராகன் உருண்டை என்ற மந்திரப் பொருளின் துணையோடு தான் மட்டும் தப்பித்துப் போகிறான். நடுநிலை மந்திரவாதிகளின் சிவப்பு அங்கியைக் கழற்றி, தீய வழி மந்திரவாதிகளின் கறுப்பு அங்கியை உடுத்துகிறான். இன்னொரு பக்கம், எல்லாரும் அருவருத்து ஒதுக்கும் சாக்கடைக் குள்ளர் இனத்தைச் சேர்ந்த புபு என்ற பெண்ணை அவன் நடத்தும் விதம் இருக்கிறதே, அந்தப் பக்கங்களில் வேறொரு மனிதன் தெரிகிறான். நலிந்தவர்களிடம் மட்டும் அவனுக்கு மென்மை வரும். அவன் ஆதரவாளர்கள் எல்லாரும் முதலில் எடுத்து வைக்கும் சாட்சி புபுதான். நல்ல சாட்சி. ஆனால் அது மட்டும் போதாது.

1986-ல் வந்த அடுத்த மூன்று நாவல்கள்தான் அவனுடைய முடிவைத் தீர்மானித்தவை. முதல் மூன்றைப்போல இவை விளையாட்டுத் தொகுப்புகளை ஒட்டி எழுதப்பட்டவை அல்ல. பகடையின் பிடியிலிருந்து விலகி, எழுத்தாளர்கள் இருவரும் தாங்களே நடத்திய கதை. ரேஸ்ட்லின் காலத்தில் பின்னோக்கிப் போகிறான். பழைய பெருமந்திரவாதி ஃபிஸ்டான்டான்டிலஸை வென்று அவன் இடத்தை எடுத்துக்கொள்கிறான். இருளின் ராணி டாகிசிஸை அவள் இருப்பிடமான பாதாளத்திலேயே வீழ்த்தித் தானே தெய்வமாக வேண்டும் என்பது திட்டம். அதற்கான வாயிலைத் திறக்கத் தூய்மையான நற்றெய்வ அடியார் ஒருவர் துணை வேண்டும். அதற்காகக் கிரிசானியா என்ற பெண்துறவியைத் தன்பால் ஈர்த்து அழைத்துப் போகிறான். அவன் வாயிலை அடைவதற்காக ஒரு படையே நடக்கிறது, மடிகிறது. பாதாளத்தில் தீயில் வெந்து, பார்வை இழந்து கிடக்கும் அவளை, இனிப் பயனில்லை என்று விட்டுவிட்டு மேலே நடக்கிறான்.

இதற்கிடையில் காரமன் எதிர்காலத்துக்குப் போய்ப் பார்த்துவிடுகிறான். தம்பி வென்றுவிட்டான். எல்லாத் தெய்வங்களும் ஒழிந்துவிட்டன. சேறும் இடியும் பட்ட மரங்களும்தான் மிச்சம். வானத்தில் மணற்கடிகார வடிவில் ஒரே ஒரு விண்மீன் கூட்டம். அழிக்கத் தெரிந்த தெய்வத்துக்கு ஒரு புல்லைக்கூடப் படைக்கத் தெரியவில்லை. காரமன் திரும்பி வந்து, பாதாள வாயிலுக்குள் நுழைந்து, தம்பியிடம் இதைச் சொல்கிறான். ரேஸ்ட்லின் திரும்புகிறான். கிரிசானியாவை அண்ணனிடம் ஒப்படைக்கிறான். கோலையும் அண்ணன் கையில் கொடுக்கிறான். ராணி வெளியே வந்துவிடாமல் தான் உள்ளேயே நிற்கிறான். வாயில் அடைபடுகிறது.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது.

கர்ணனுக்காக இரவெல்லாம் பட்டிமன்றம் நடத்திப் பழகிய நமக்கு இந்தச் சண்டையின் சூடு தெரியும். ஒரு கட்சி சொல்கிறது: அவன் மனம் திரும்பினான், உலகுக்காகத் தன்னைக் கொடுத்தான், மீண்டான். எதிர்க்கட்சி மடக்குகிறது: எங்கே மனம் திரும்பினான்? வென்றாலும் கையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது, ஆட்டத்தைக் கலைத்தான். வெறுமையை ஆள அவனுடைய கர்வத்துக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். பயன் இருந்திருந்தால் கிரிசானியா அங்கேயே கிடந்திருப்பாள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். அவன் கர்வத்தை நன்றாகப் படித்தவர்களின் வாதம் அது.

ஆனால் அவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கர்வம் மட்டும்தான் காரணம் என்றால், வெறுமையைக் கண்டவன் அங்கேயே நின்று அழிந்துபோயிருக்கலாம். உலகையும் கூட அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவன் என்ன செய்தான்? மந்திரவாதியின் கோலை எடுத்துக் காரமன் கையில் கொடுத்தான். எந்தக் காரமன் கையில்? மந்திரம் பிறந்ததாகக் கண்டதற்காகவே எந்தக் கையை உடையவனைக் கொன்றானோ, அந்தக் கையில். சோதனைக் கோபுரத்தில் அவனால் பொறுக்க முடியாமல் போனது எதுவோ, அதையே வாயிலருகே தன் கையால் செய்தான். நான் இதை மனம் திரும்பியதற்குச் சான்று என்கிறேன். அவன் என்ன சொன்னான், எப்படிப் பார்த்தான் என்பதை வைத்து ஆயிரம் விளக்கம் கூறலாம். கொடுத்த பொருளும் கொடுக்கப்பட்ட கையும் வேறு விளக்கத்துக்கு இடம் தரவில்லை.

மனம் திரும்பினான் என்பதால் செய்த பழி தீர்ந்ததா என்று கேட்டால், தீரவில்லை என்றுதான் சொல்வேன். கிரிசானியா பார்வை இழந்தவளாகவே மீதி வாழ்நாளை வாழ்கிறாள், தன் சமயத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்று நடத்துகிறாள். அவள் இழந்ததை ரேஸ்ட்லின் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. மீட்சி வேறு, மன்னிப்பு வேறு. மன்னிக்கும் உரிமை அவளுக்கு உரியது. வாசகர்கள் அவளைக் கேட்காமலே அதை வாரி வழங்கிவிடுகிறார்கள். ரேஸ்ட்லினை நேசிக்கிற என் கட்சிக்காரர்களிடம் எனக்குள்ள மனக்குறை இது ஒன்றுதான்.

அடுத்த சிக்கல், அவன் திரும்பி வரலாமா என்பது. டிராகன்லான்ஸ் விளையாட்டுத் தொகுப்புகளில் ஓர் அழகான விதி உண்டு. கதைக்கு முக்கியமான ஒருவர் பகடையின் கொடுமையால் செத்துவிட்டால், உடல் கிடைக்காதபடி சாகவிடு என்று கதை நடத்துநருக்கு அறிவுரை. பள்ளத்தில் விழட்டும், வெள்ளத்தில் போகட்டும், பின்னால் தேவைப்பட்டால் வரட்டும். ரேஸ்ட்லினின் முடிவு நாவலில் எழுதப்பட்டதுதான். ஆனாலும் இந்த விதிக்கு அப்படியே பொருந்துகிறது. கதவு அடைபட்டது, உடலை யாரும் பார்க்கவில்லை. இந்த விதியில் ஊறிய ரசிகன் அடைத்த கதவைத் தட்டாமல் இருப்பானா?

எழுத்தாளர்களும் தட்டினார்கள். காரமனின் மகன் பாலின் மந்திரவாதியாகச் சோதனைக்கு நிற்கும் ஒரு கதை உண்டு. அதில் வருகிற ரேஸ்ட்லின், மூத்த மந்திரவாதிகள் அந்தச் சோதனைக்காகப் படைத்த மாயத்தோற்றம். ஆனால் பூட்டிய அறையில் இருந்த மேஜியஸின் கோல் மட்டும் உண்மையாகவே பாலின் கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. யார் கொடுத்தது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுவே நிறைவு. பிறகு 1995-ல் வந்த நாவலில் ரேஸ்ட்லினே பாதாளத்திலிருந்து வெளியே நடந்து வருகிறான். அந்தப் பக்கத்தைப் படித்து மகிழ்ந்தவர்கள் பல்லாயிரம் பேர் இருப்பார்கள். எனக்கு அது உவப்பாக இல்லை. திரும்பி வரலாம் என்றால் வாயிலில் நின்றதன் விலை குறைந்துவிடுகிறது. கோலைக் கொடுத்தவன் அதைத் திரும்பக் கேட்கும் தூரத்தில் இருக்கக்கூடாது.

இதைச் சட்டப்படி முடிவு செய்யும் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது. 1997-ல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2020-ல் வைஸும் ஹிக்மனும் அதன்மீது வழக்குத் தொடுத்து, அந்த ஆண்டு இறுதியிலேயே விலக்கிக்கொண்டார்கள். 2022-ல் புதிய நாவலும் வந்தது. ஆனால் மேசையில் உட்கார்ந்துவிட்டால் அந்த உரிமை செல்லாது. நாவலில் கோட்டைச் சுவரில் தனியாக நின்று செத்த ஸ்டர்ம் என்ற வீரன் என் நண்பர்களின் ஆட்டத்தில் பிழைத்திருக்கிறான். ரேஸ்ட்லின் சுழலில் அண்ணனை விட்டுப் போகாத ஆட்டங்களும் இருக்கும். அங்கே காரமன் எதிர்காலத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வராது. அவையும் உண்மையான ரேஸ்ட்லின்கள்தான். மேசையில் பிறந்தவனுக்கு மேசையிலேயே வேறு முடிவு தருவதை யார் தடுக்க முடியும்?

அவனை ஏற்று விளையாடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதையில் அவன் செய்ததையெல்லாம் நல்லதாக மாற்றிவிடாதீர்கள். சோதனையில் காரமனைக் கொன்றது அப்படியே இருக்கட்டும். அதை வைத்துக்கொண்டே, அந்த அண்ணன் நீட்டும் கஷாயத்தை ஒவ்வொரு இரவும் வாங்கிக் குடித்துப் பாருங்கள். அவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதை உங்கள் மேசை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நான் என் கட்சியைச் சொல்லிவிட்டேன். கிரிசானியாவின் பக்கத்திலிருந்து பேச ஒரு சகோதரி குறிப்புகளோடு வந்திருக்கிறார். நான் பேசும்போது இரண்டு இடத்தில் அவர் தலையை அசைத்து மறுத்ததைக் கவனித்தேன். அம்மா, வாருங்கள், ஒலிவாங்கி உங்களுக்கு.