எறும்பு ஊர்ந்த வழி

(இங்கிலாந்தில் ஒரு தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அம்மையார் அவர்களே, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் துறந்து வந்திருக்கும் உள்ளூர்க் கவுன்சிலர் ஐயா அவர்களே! ஐயாவுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து சரியான இடத்தில் தலையாட்டுகிறார். தமிழ் தெரிந்த நம் ஆட்கள் கடைசி வரிசையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். பொருளாளர் அவர்களே, அவரைவிட முக்கியமாக, விடியற்காலையிலிருந்து இருநூறு வடை சுட்ட பொருளாளர் வீட்டம்மா அவர்களே, அந்த வடைக்காக என் பேச்சைப் பொறுத்துக்கொள்ளப்போகும் பெரியோர்களே, குழந்தைகளே, வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'ஓர் ஆங்கிலக் கிராமத்தின் நிலமும் வாழ்வும்'. இருபது நிமிடம் தந்திருக்கிறார் தலைவர். மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: முதலில் நிலம், அடுத்து மக்கள், மூன்றாவது நிர்வாகம்.

நான் எடுத்துக்கொண்ட ஊர் லாக்ஸ்டன். நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவார்க் நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. பக்கத்துக் குக்கிராமத்தையும் சேர்த்து 'லாக்ஸ்டன் அண்ட் மூர்ஹவுஸ்' பாரிஷ், அதாவது ஊராட்சிப் பகுதி, என்று பெயர். ஒரு மாதா கோயில், ஒரு மதுவிடுதி, ஒரு தெரு, ஊருக்கு வடக்கே நார்மானியர் கோட்டை இருந்த மண்மேடு. காரில் போனால் இரண்டு நிமிடத்தில் ஊர் முடிந்துவிடும். மண் கனத்த களி. மழைக்காலத்தில் கால் வைத்தால் விடாது.

இந்த ஊருக்கு என்ன சிறப்பு? இங்கிலாந்தின் பெரும்பகுதியில் ஒரு காலத்தில் ஊர்ப் பொது வயல்கள் இருந்தன. ஒரே பெரிய வயலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கொரு பட்டை இங்கொரு பட்டையாக நிலம். நடுவில் வேலி கிடையாது. பிறகு வேலி அடைக்கும் சட்டங்கள் வந்தன. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள்! பொது நிலம் பெரும்பாலும் தனியார் நிலமானது. லாக்ஸ்டன் எப்படியோ தப்பித்தது. மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்று மூன்று வயல்கள் இன்றும் உண்டு. ஒரு வருடம் குளிர்காலக் கோதுமை, மறு வருடம் வசந்தகாலப் பயிர், மூன்றாம் வருடம் தரிசு என்று சுற்றி வரும். 1635இல் மார்க் பியர்ஸ் என்பவர் இந்த ஊரைப் பட்டை பட்டையாக அளந்து வரைந்த படம் ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கிறது.

இந்த வயல்களுக்கு ஒரு நீதிமன்றமும் உண்டு. கோர்ட் லீட் என்பார்கள். குளிர் தொடங்கும் நேரத்தில் ஊர் விவசாயிகளிலிருந்து எடுத்த நடுவர்கள், அந்த வருடம் கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருவார்கள். எவனாவது ஏரைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிப் பொதுப் பாதையைத் தின்றிருக்கிறானா என்று பார்த்து, முளைக்குச்சி அடிப்பார்கள். அடுத்த வாரம் டவ்கோட் மதுவிடுதியில் மன்றம் கூடி அபராதம் போடும். தொகை சொற்பம்தான். ஆனால் அண்டை வீட்டுக்காரன் முன்னால் பெயர் படிக்கப்படுகிறதே, அந்த வெட்கம் சொற்பமா?

பாதையை எவனும் ஒரே நாளில் விழுங்கமாட்டான். இந்த வருடம் ஒரு சால், அடுத்த வருடம் ஒரு சால். எறும்பு ஊரக் கல்லும் தேயும். இந்தப் பழமொழியை நீங்கள் என் வாயால் இன்னும் இரண்டு முறையாவது கேட்பீர்கள், தப்பிக்க முடியாது.

அடுத்து மக்கள். மக்களைப் பற்றிச் சொல்லுமுன் என் மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். (சிரிக்காதீர்கள், அவர் இந்தக் காணொளியைப் பார்ப்பார்.)

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மே மாதம், நல்ல வெயில். நாட்டுப்புறத்தைக் காட்டலாம் என்று, வரைபடமும் தயிர்சாதமும் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். படத்தில் பச்சைப் புள்ளிக்கோடு போகிறது, அதுதான் பொது நடைபாதை. நேரில் போனால் மரக் கைகாட்டி முழங்கால் உயரக் கோதுமைக்குள் நேராகக் கையை நீட்டுகிறது! பாதையே தெரியவில்லை. "இதுக்குள்ளதான் போகணும் அத்தை" என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பச்சைப் பயிர் மேல கால வைக்கச் சொல்றீங்களே மாப்பிள்ளை, நல்லா இருப்பீங்களா? சுத்திப் போவோம்." டெல்டாக்காரப் பெண்மணி, வாதாடிப் பயனில்லை. வேலியோரமாகச் சுற்றினோம். அங்கே காஞ்சொறி போல ஒரு செடி. என் மனைவி துள்ள, பையன் அழ, நான் தயிர்சாதத்தைக் காப்பாற்ற, அந்த நேரம் பார்த்து நாயோடு ஒரு பெரியவர் வந்தார். அத்துமீறி நுழைந்ததற்குத் திட்டப்போகிறார் என்று நடுங்கினேன்.

அவர் கேட்டது வேறு: "ஏன் சுற்றிப் போகிறீர்கள்? பாதை அங்கே அல்லவா இருக்கிறது?"

"இந்த அம்மா பயிரை மிதிக்கமாட்டார்கள்" என்றேன்.

"பயிர் என்னுடையதுதான். நான் சொல்கிறேன், மிதிக்கச் சொல்லுங்கள். பாதையை வெட்டிவிட எனக்கு நேரமில்லாமல் போயிற்று. பத்துப் பேர் போய் வந்தால் எனக்கு ஒரு வேலை மிச்சம்."

மொழிபெயர்த்தேன். மாமியார் யோசித்தார். "நியாயமான மனுஷன். எறும்பு ஊரக் கல்லும் தேயும்னு அவருகிட்ட சொல்லுங்க." சொன்னேன். பெரியவர் வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கவலையோடு கேட்டார்: "இங்கே எறும்பு கடித்துவிட்டதா?"

கடைசியில் மாமியார் முன்னே, நாங்கள் பின்னே, கோதுமைக்கு நடுவே ஒற்றை வரிசையில் போனோம். ஒவ்வொரு அடிக்கும் பயிரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனார்.

அந்தப் பெரியவர் நல்ல மனதோடு சொன்னது சட்டமும்தான். வயலுக்கு நடுவே போகும் பாதையை உழுதால் 14 நாளுக்குள் திரும்பச் சீராக்கவேண்டும். பயிர் வளர்ந்தாலும் குறைந்தது ஒரு மீட்டர் அகலம் விடவேண்டும். இன்னொன்று: பொதுமக்கள் 20 வருடம் தடையில்லாமல், உரிமை உள்ளவர்கள்போல நடந்த வழி, சட்டத்தின் கண்ணில் பொதுவழியாகிவிடலாம். 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் சொல்கிறது. நடந்தே வாங்கும் உரிமை, ஐயா! இங்கேதான் என் பழமொழிக்குச் சட்டப்பிரிவே இருக்கிறது: எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

ஆனால் பழைய பாதைகள் பல அதிகாரப்பூர்வ வரைபடத்தில் ஏறவே இல்லை. 2026 தொடக்கத்துக்குள் பதியாவிட்டால் போயிற்று என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. பிறகு அது 2031க்குத் தள்ளிப்போனது. கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. நீக்கட்டும், மகிழ்ச்சி. அதற்காக நாம் வீட்டில் உட்காரலாமா?

தலைவர் சீட்டுக் கொடுத்துவிட்டார். நிர்வாகத்தை ஒரே மூச்சில் சொல்கிறேன். பாரிஷ் என்பது முன்பு மாதா கோயில் எல்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் நிர்வாகத்தைக் கோயிலிடமிருந்து பிரித்துத் தேர்தல் வைத்தது. இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்சில்கள். நடைபாதையைப் பராமரிக்க அவற்றுக்கு அதிகாரம் உண்டு. கூட்டத்துக்கு யாரும் போய் உட்காரலாம். இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும், காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில், நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்கள் அந்தத் தேர்தலில் நிற்கவே நிற்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? கையை உயர்த்துங்கள். மூன்று கை. அதில் ஒன்று வடை கேட்கும் கை.

மாதா கோயில் பற்றியும் பள்ளிக்கூடம் பற்றியும் எழுதி வைத்த நான்கு பக்கம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. இருக்கட்டும்.

வரும் ஞாயிறு காலை 9.30க்கு இந்த மண்டப வாசலில் கூடுவோம். ஐந்து மைல் நடை. வரைபடம் நான் கொண்டுவருகிறேன். செருப்பு வேண்டாம், களிமண் பிடுங்கிக்கொள்ளும், பூட்ஸ் போடுங்கள். கைகாட்டி எங்கே விழுந்திருக்கிறது, எந்த வாயில் பூட்டியிருக்கிறது என்று குழந்தைகள் குறித்துக்கொள்ளட்டும். கவுன்சிலுக்கு எழுதிப் போடுவோம். புளியோதரை பொருளாளர் வீட்டில் சொல்லியாயிற்று. கவுன்சிலர் ஐயாவும் வருகிறார். இப்போதுகூடத் தலையாட்டினார், நான் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.