சத்தமே கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஸ்பீக்கர் செத்துக்கொண்டிருக்கிறது!

[காட்சி: நான்கு அங்குல ஸ்பீக்கர், மிக அருகில். கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒலி இல்லை.]

இந்தக் கோனைப் பாருங்கள். காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணைக் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு ஆடுகிறது, காதில் எதுவுமே விழவில்லை. இப்போது வால்யூமைச் சற்றே கூட்டுகிறேன். டொக்! கேட்டீர்களா? வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், பின்தகட்டில் போய் இடித்த சத்தம் அது. இப்படியே இடித்தால் காயில் நசுங்கும், உரசும், பிறகு ஸ்பீக்கர் ஊமையாகிவிடும்.

வணக்கம் நண்பர்களே, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். ஃபுல்ரேஞ்ச் ஸ்பீக்கரில் குரல், நாதஸ்வரம், உறுமி எல்லாவற்றையும் ஒரே கோன் சுமக்கிறது. அறிமுகம் இவ்வளவு போதும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்குக்கு வருகிறேன். அதிர்வெண் பாதியானால், அதே ஒலியழுத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 160 ஹெர்ட்ஸில் கால் மில்லிமீட்டர் அசைகிறது என்று வையுங்கள். 80-இல் 1 மில்லிமீட்டர். 40-இல் 4. 20-இல் 16 மில்லிமீட்டர்! ஒரு விரல் அகலம்! சின்னக் கோன் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர்தான் போகும். மீதிக்கு அது எங்கே போகும்? பெட்டியின் மேல் ‘30 வாட்’ என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். அந்த வாட் காயில் தாங்கும் சூட்டின் அளவு. கோன் போகும் தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

துளை வைத்த பெட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று கோனை இழுத்துப் பிடிக்கும். துளைப் பெட்டியில், அது ட்யூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே இறங்கியதும் அந்தப் பிடிமானம் போய்விடும்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் போனால் உறுமியைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேளம் தொடங்கும் முன்பே மைக்கை ‘உஃப் உஃப்’ என்று ஊதிப் பார்க்கிறார்களே, அந்தக் காற்றில்தான் ஆபத்து இருக்கிறது; அது மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணாகப் போய்க் கோனைத் தள்ளும். தயவுசெய்து ஊதாதீர்கள், பேசிப் பாருங்கள்.

[காட்சி: மிக்சரின் லோ கட் பொத்தான்.]

மிக்சர் இருந்தால் இதை அழுத்துங்கள். பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் ஓர் இடத்தில் தொடங்கி, அதற்குக் கீழே உள்ளதை வெட்டும். இல்லையென்றால் 8 ஓம் ஸ்பீக்கருடன் தொடராக 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, முனைப் பாகுபாடு இல்லாத வகை. கணக்குப்படி வெட்டும் இடம் 90 ஹெர்ட்ஸ் வரும். ஆனால் ஒத்ததிர்வில், அதாவது கோன் இயல்பாகவே எளிதில் அதிரும் அதிர்வெண்ணில், ஸ்பீக்கரின் ஓம் பல மடங்கு ஏறுவதால் அது அங்கே சரியாக வெட்டாது. அதனால் ஆம்ப்ளிஃபையருக்கு முன்பே வெட்டுவதைத்தான் நான் விரும்புகிறேன். ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டு மின்தடை 20 கிலோஓம் என்றால் அதற்குத் தொடராக 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போதும், வெட்டும் இடம் 80 ஹெர்ட்ஸ்.

“பாஸ் போய்விடுமே?” அந்தச் சின்னக் கோன் 30 ஹெர்ட்ஸை உருப்படியாகத் தந்ததே இல்லை. வெட்டிப் பாருங்கள், பாடகரின் குரல் தெளிந்துவிடும். குரலைச் சுமந்தபடி கோன் இனித் தள்ளாட வேண்டியதில்லை. உங்களுடையது மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா? எத்தனை அங்குலம், எத்தனை ஓம்? கருத்துப் பகுதியில் எழுதுங்கள், உங்களுக்கான கெப்பாசிட்டர் அளவைக் கணக்கிட்டுத் தருகிறேன்.