ஆவாரம் பட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன்னால் கொங்கு நாட்டு வீடுகளில் காப்புக் கட்டும்போது, வேப்பிலையோடும் பூளைப்பூவோடும் ஒரு மஞ்சள் பூவைச் சேர்த்து வாசலில் செருகுவோம். ஆவாரம்பூ. பூவைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். நான் பேச வந்தது அந்தச் செடியின் பட்டையைப் பற்றி. எங்கள் வீட்டில் உலை கொதித்தது அந்தப் பட்டையால்தான். அம்மா உரிப்பார், வியாபாரி எடை போட்டு வாங்குவார், மூட்டைகள் ஈரோட்டுத் தோல் ஷாப்புகளுக்கு, அதாவது தோல் பதனிடும் இடங்களுக்குப் போகும்.

தோலுக்கும் பட்டைக்கும் என்ன உறவு? வாழைப்பூ ஆய்ந்தால் விரல் கறுத்துப் போகிறது அல்லவா? பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறது அல்லவா? அந்தத் துவர்ப்புதான். எச்சிலில் இருக்கும் புரதத்தை அது பற்றிக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் புரதம்தான். துவர்ப்பு அந்த நாரைப் பற்றிக்கொண்டால் தோல் அழுகாது, நனைந்து காய்ந்தாலும் விறைக்காது. நல்ல ஆவாரம் பட்டை 100 கிலோவில் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ வரை இந்தத் துவர்ப்புச் சத்து இருக்கும்.

இப்போது பட்டை உரிப்பதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பட்டைக்குக் காசு கிடைக்கிறதே என்று, எங்கள் கொறங்காட்டில் நின்ற ஒரு வெள்வேல மரத்தில் கை எட்டுகிற உயரத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்துவிட்டேன். கொறங்காடு என்றால் மற்றப் பக்கத்து நேயர்களுக்குச் சொல்கிறேன், கிளுவை வேலி கட்டி ஆடு மாடு மேய விடுகிற புல்காடு. நடுநடுவே வெள்வேலம் நிற்கும். நிழலும் அதுதான், கோடையில் ஆட்டுக்குக் காய் உதிர்ப்பதும் அதுதான். வெள்வேலம் பட்டையும் தோலுக்கு ஆகும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். அது சரிதான். நான் செய்த விதம்தான் தப்பு.

பெருமையாகப் பட்டையைக் கொண்டுவந்து அம்மா முன்னால் போட்டேன். அம்மா அடிக்கவில்லை. கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனார். உரித்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். "சுத்தியும் உரிச்சுப் போட்டியே சாமி, இனி வேருக்கு யாரு சோறு போடறது?" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. மரம் பச்சையாகத்தானே நிற்கிறது! பல மாதம் அப்படியேதான் நின்றது. அடுத்த கோடையில் இலை கொட்டியது, பிறகு துளிர்க்கவே இல்லை.

பல வருஷம் கழித்துப் படித்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று தெரிந்தது. வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்மரத்தின் வழியே மேலே ஏறுகிறது. இலை சமைத்த உணவோ உள்பட்டை வழியேதான் கீழே இறங்குகிறது. சுற்றிலும் பட்டையை எடுத்தால் வேர் பட்டினி. அதனால்தான் உடனே சாகாமல் மெல்ல மெல்லச் செத்தது அந்த மரம்.

ஆவாரையில் அம்மா செய்தது வேறு. மழை பெய்து செடியில் ஈரம் ஏறியிருக்கும் நாளில் போவார். அப்போதுதான் பட்டை சுலபமாகக் கழலும். நிற்கிற செடியில் உரிக்கவே மாட்டார். தரையை ஒட்டிக் கொடுவாளால் அறுத்து, வேரையும் அடிக்கட்டையையும் விட்டுவிடுவார். அறுத்த கிளையைக் கல்லின்மேல் வைத்துக் கட்டையால் மெல்லத் தட்டுவார். பட்டை நெகிழும், இழுத்தால் நார்போல வந்துவிடும். வெள்ளைக் குச்சி அடுப்புக்கு. விட்ட அடிக்கட்டையிலிருந்து நாலைந்து துளிர் கிளம்பும், இரண்டு மூன்று வருஷத்தில் மறுபடி அறுக்கலாம். வேரை விட்டால் செடி உண்டு. திரும்பவும் சொல்கிறேன், வேரை விட்டால் செடி உண்டு. உரித்ததை மழையில் நனைய விடக்கூடாது, துவர்ப்பு கரைந்து போய்விடும். இவ்வளவு பக்குவம் தெரிந்த பெண்களை ஊர் 'பட்டைக்காரி' என்று தாழ்வாகத்தான் கூப்பிட்டது. தோல் குழியில் இறங்கியவர்களை அதைவிடத் தாழ்வாக. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோல் ஷாப்பில் எடுத்த எடுப்பில் கெட்டியான பட்டைத் தண்ணீரில் தோலை முக்க மாட்டார்கள். பழைய, இளந்தண்ணீரில் தொடங்கி வரவரக் கெட்டியானதற்கு மாற்றுவார்கள். பெருந்தீயில் ஊற்றிய பணியாரம் மேலே கருகி உள்ளே மாவாக நிற்குமே, அப்படி ஆகிவிடாமல் இருக்கத்தான். வாரக்கணக்கில் ஆகும். இப்படிப் பதனிட்ட சென்னை மாகாணத்துத் தோல் கப்பலேறி, முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்குப் போனது.

இதற்கிடையே, பட்டைக்குப் பதிலாகத் தோலைப் பதனிட குரோம் உப்பும் வந்திருந்தது. 1912-இல் பல்லாவரத்தில் சேம்பர்ஸ் என்பவர் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டை என்ற பெயரே. வாரக்கணக்கில் ஆனது ஒன்றிரண்டு நாளில் முடிந்தது. குரோம் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளை என்ன செய்தது என்பது வேலூர்ப் பக்கத்து நேயர்களுக்குத் தெரியும். அதற்காகப் பட்டைத் தண்ணீர் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். அதையும் அப்படியே ஆற்றில் விட்டால் மீன் பிழைக்காது.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பட்டைக்காக வளர்த்த சீகை மரம், வாட்டில் என்பார்களே, அது சோலைப் புல்வெளியை மூடியதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. கடுக்காய் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதனால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுப்பார்கள், இளமஞ்சள் நிறம் நிற்கும். வீட்டில் பழைய தோல் பெட்டி எதுவும் இருந்தால் அடிப்பக்கம் பாருங்கள், அந்த நிறம் இன்னும் இருக்கலாம்.

நன்றி, வணக்கம்.