கார்டைட் பேக்டரி மருந்தும் பெரிய ரிவால்வர் தோட்டாவும்

[காட்சி: குன்னூரிலிருந்து ஊட்டி போகும் மலை ரயில். ஜன்னல் வழியே தேயிலைச் சரிவு, பிறகு நீளமான மதில்.]

வணக்கம். குன்னூர்ல மலை ரயில் ஏறினா வெலிங்டனுக்கு அடுத்து அருவங்காடு ஸ்டேஷன் வரும். சுற்றிப் பார்க்க வர்றவங்க பெரும்பாலும் அங்க இறங்கறதில்ல. எங்க ஊர்க்காரங்களுக்கு மட்டும் அந்தப் பேரைக் கேட்டாலே சங்குச் சத்தம் காதுல விழும். அங்க இருக்கறதுதான் நாங்க 'கார்டைட் பேக்டரி'ன்னு சொல்ற வெடிமருந்துத் தொழிற்சாலை. 1903ல வெள்ளைக்காரங்க ஆரம்பிச்சது. அப்போ ரயில் குன்னூரோட நின்னுடும்; ஊட்டி வரைக்கும் தண்டவாளம் போனது 1908லதான். பைக்காரா மின்நிலையம் 1932ல வந்துச்சு. அதுக்கு ரொம்ப முன்னாடியே காட்டேரி அருவித் தண்ணியில மின்சாரம் எடுத்து இந்த பேக்டரிக்குக் கொடுத்தாங்க.

என் தாத்தா அங்க வேலை பார்த்தவர். கேட்டுல சட்டைப்பையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் உள்ள விடுவாங்களாம். பீடி, தீப்பெட்டி எதுவும் உள்ள போகக்கூடாது. ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு வருஷம் கழிச்சும், வெளிய கிளம்பும்போது தீப்பெட்டியை எடுத்து மாடத்துல வச்சிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். கடைக்குப் போனாலும் சரி, கல்யாணத்துக்குப் போனாலும் சரி.

அந்த மருந்து ஒரு பெரிய ரிவால்வர் தோட்டாவுக்குள்ள என்ன பண்ணுது? அமெரிக்கா மாதிரி நாடுகள்ல சிலர் ஏன் தோட்டாவைத் தாங்களே தயாரிக்கறாங்க? அதுல ஆபத்து எங்க இருக்கு? இதைத்தான் இன்னிக்குப் பார்க்கப் போறோம். ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நம்ம நாட்டுல 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கறது குற்றம். அதனால எந்த மருந்து, எத்தனை அளவுங்கறது இந்த வீடியோவுல இருக்காது. அதுக்குப் பின்னால இருக்கற அறிவியல் மட்டும் இருக்கும்.

[காட்சி: தாளில் வரைந்த தோட்டாவின் குறுக்குவெட்டு. விரல் ஒவ்வொரு பாகமாகத் தொடுகிறது.]

தோட்டாவுல நாலே பாகம். பித்தளைக் கூடு. அடியில பிரைமர், அதுதான் தீப்பொறி. நடுவுல மருந்து. மேல ஈயக் குண்டு. சுட்டப்புறம் குண்டு போயிடும், மருந்து எரிஞ்சிடும், பிரைமர் செத்துடும். கூடு மட்டும் முழுசா கையில மிஞ்சும். அந்தக் கூட்டைத் திரும்ப நிரப்பறதுதான் ரீலோடிங்.

மருந்து வெடிக்குதுன்னு நாம பேசறோம். உண்மையில அது எரியுது. சின்ன வயசுல ஊசிப்பட்டாசைப் பிரிச்சு மருந்தைத் தாள்ல கொட்டிப் பத்த வச்சிருக்கேன். டமால்னு ஒரு சத்தமும் வரல. புஸ்ஸுன்னு ஒரு சீற்றம், அவ்வளவுதான். என் புருவம் பாதி பொசுங்கிப் போச்சு. நீங்க செஞ்சு பார்க்க வேண்டாம். அதே மருந்தைக் காகிதத்துல இறுக்கிச் சுத்தினாத்தான் வெடி. அடைச்ச இடத்துல வாயு சேரும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமா எரியும். வேகமா எரிஞ்சா அழுத்தம் இன்னும் ஏறும். ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டே போகும். இந்தத் துரத்தலை எங்க நிறுத்தறதுங்கறதுதான் தோட்டாக் கலையே.

பழைய காலத்துல இருந்தது கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம். எரிஞ்சா பாதிக்கு மேல திடப்பொருளாவே மிஞ்சும். அதுதான் அந்த வெள்ளைப் புகை, குழல் பூரா படியற அழுக்கு. 1884ல பிரான்ஸ்ல பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடிச்சார். 1889ல இங்கிலாந்துல பிரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டீவர் ரெண்டு பேரும் கார்டைட் கொண்டு வந்தாங்க. கயிறு மாதிரி இழை இழையா வர்றதால அந்தப் பேர். நம்ம சேமியாவை நினைச்சுக்கங்க. 303 ரைபிள் தோட்டாவுக்கு அந்த இழைகளைக் கத்தையா உள்ள நிறுத்தினப்புறம்தான் கூட்டோட கழுத்தையே சுருக்குவாங்க. கழுத்து சுருங்கிட்டா கத்தை உள்ள போகாது.

ஏன் இழை? அடுப்பு மூட்டினவங்களுக்குத் தெரியும். கற்பூர மரத்துக் கட்டையை அப்படியே வச்சா மெதுவாப் பிடிக்கும். அதையே சுள்ளியாப் பிளந்து வச்சா குபீர்னு எரியும். மேற்பரப்பு எவ்வளவு வெளிய தெரியுதோ அவ்வளவு வேகம். மருந்துலயும் அதே கதைதான். இழை எரிய எரிய மெலியும், மேற்பரப்பு குறையும். அதுக்கு நடுவுல ஒரு ஓட்டை போட்டுக் குழாய் மாதிரி ஆக்கினா, வெளிப்பக்கம் குறையும்போது உள்பக்கம் கூடும், வேகம் ஏறக்குறைய ஒரே சீரா நிக்கும். ஒரே கலவையை வடிவத்தால மட்டுமே அடக்கி ஆளலாம். இதைத் தாத்தா ஒரு வைக்கோலைக் கிள்ளிக் காட்டித்தான் எனக்குப் புரிய வச்சார்.

[காட்சி: மேசைமேல் இரண்டு அட்டை மாதிரிகள், ஒன்று நீளம், ஒன்று குட்டை.]

இப்போ ரிவால்வருக்கு வருவோம். 1887ல பிரிட்டிஷ் ராணுவம் வெப்லி ரிவால்வரை எடுத்துக்கிச்சு. 455 தோட்டா, 265 கிரெய்ன் குண்டு. 455, 45, 44 மாதிரி எண்ணெல்லாம் தோட்டாவோட பருமனை வச்சு வந்த பேர். கிரெய்ன்னா ஒரு தானிய எடை, சுமார் 65 மில்லிகிராம். நம்ம பத்தர் கடைக் குன்றிமணி ஒண்ணு கிட்டத்தட்ட ரெண்டு கிரெய்ன் வரும். ஆக அந்தக் குண்டு 17 கிராம், ரெண்டு பவுனுக்கும் மேல. கூடு கரிமருந்துக்குன்னு செஞ்சது, நீளம் 22 மில்லிமீட்டர் இருக்கும். கார்டைட் வந்தப்போ அந்தக் கூட்டுக்குள்ள இடம் அநியாயத்துக்கு மிஞ்சிச்சு. காலி இடம் இருந்தா அழுத்தம் சரியா ஏறாது, மருந்து ஒழுங்கா எரியாது. 1897ல கூட்டையே ரெண்டரை மில்லிமீட்டர் வெட்டிட்டாங்க. மருந்துக்கு ஏத்த மாதிரி வீட்டைச் சின்னதாக்கினாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பொறியியல் முடிவு இது.

அமெரிக்காவுல அப்படிச் செய்யல. 1873ல வந்த 45 கோல்ட் தோட்டாவுல 40 கிரெய்ன் கரிமருந்து போச்சு. கூடு இன்னிக்கும் அதே 32 மில்லிமீட்டர் நீளம்தான். புகையில்லா மருந்து அதுல கால் பங்கு எடைகூட வேண்டாம். அப்படீன்னா என்ன அர்த்தம்? தவறுதலா ரெண்டு தடவை மருந்து ஊத்தினாலும் கூடு நிரம்பாது. வழியாது. குண்டை மேல வச்சு அழுத்திட்டா வெளிய இருந்து பார்க்கறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ரிவால்வர் கையிலயே வெடிக்கற கதைகள்ல ஒரு பெரிய பங்கு இங்கதான் ஆரம்பிக்குது.

எல்மர் கீத்னு ஒரு ஆள். பண்ணைக்காரர், எழுத்தாளர். கனமான குண்டை வேகமா அனுப்பணும்னு 45 கோல்ட்ல மருந்தை ஏத்திக்கிட்டே போனார், சிலிண்டர் வெடிச்சுது. சிலிண்டர்னா ரிவால்வர்ல தோட்டாக்கள் உட்கார்ற சுத்தற உருளை; ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதுல ஒரு அறை. 44 ஸ்பெஷல்ங்கற இன்னொரு தோட்டாவுக்கு மாறினார். காரணம் எளிமையானது: தோட்டா கொஞ்சம் ஒல்லி, அதனால அதே பருமன் சிலிண்டர்ல அறைச்சுவர் கொஞ்சம் தடிமன். அவர் வருஷக்கணக்கா வற்புறுத்தினதோட பலன்தான் 1955ல வந்த 44 மேக்னம். 44 ஸ்பெஷலுக்கு அழுத்த வரம்பு 15,500 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. மேக்னத்துக்கு 36,000. உங்க கார் டயர்ல 30 சொச்சம். மேக்னம் கூட்டை வேணும்னே 3 மில்லிமீட்டர் நீளமாச் செஞ்சாங்க, பழைய துப்பாக்கியில அது நுழையவே கூடாதுன்னு.

இங்க பலர் கேட்கற ஒரு கேள்வி: மலை உச்சியில காத்து குறைவாச்சே, மருந்து எரியுமா? எரியும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனை அது தனக்குள்ளயே வச்சிருக்கு. மருந்துக்கு வித்தியாசம் தெரியறது வெப்பத்துலதான். ஜனவரி காலையில ஊட்டியில உறைபனி. அதே வருஷம் மே மாசம் மேட்டுப்பாளையத்துல உச்சி வெயில். குளிர்ல சோதிச்ச தோட்டா வெயில்ல கூடுதல் அழுத்தம் காட்டும். அதனாலதான் வரம்பை ஒட்டி யாரும் நிக்கக்கூடாது.

[காட்சி: மரப்பலகையில் ஐம்பது குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு காலிக் கூடு.]

என் பெரியப்பா பையன் டெக்சாஸ்ல இருக்கார். அங்க இது சட்டப்படி செய்யற பொழுதுபோக்கு. அவர் கராஜ்ல ஒரு ராத்திரி பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். "தம்பி, எண்ணி முடிக்கற வரைக்கும் பேசாதடா"ன்னார். ஐம்பது கூட்டுலயும் மருந்து போட்டப்புறம் லைட்டை அணைச்சார். டார்ச்சை எடுத்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் அடிச்சு, மருந்து மட்டம் ஒரே மாதிரி இருக்கான்னு வரிசையாப் பார்த்தார். முடிச்சிட்டு முதல்ல இருந்து இன்னொரு தடவை.

அளவு அவர் இஷ்டம் கிடையாது. மருந்துக் கம்பெனியே சோதிச்சு அச்சிட்ட புத்தகத்துல இருக்கற தொடக்க அளவுல ஆரம்பிச்சு, துளித்துளியா ஏறுவார். ஒவ்வொரு படியிலயும் சுட்டுப் பார்த்து வேகம் அளப்பார். கூடு அறையில ஒட்டிக்கிட்டு வர மறுத்தா அங்கயே நிறுத்திடுவார். குறைச்சாலும் பாதுகாப்புன்னு நினைச்சிடாதீங்க. சில மெதுவான மருந்து அளவு குறைஞ்சா சரியா எரியாம, குண்டு குழல் நடுவுலயே நின்னுடும். அது தெரியாம அடுத்ததைச் சுட்டா குழல் வீங்கிடும், பிளந்தும் போகும்.

பெரிய ரிவால்வருக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. பஸ் கொண்டை ஊசி வளைவுல நின்னு திடீர்னு கிளம்பினா, நின்னுக்கிட்டு இருக்கறவங்க பின்னால சாய்வாங்க இல்லையா? சுடும்போது துப்பாக்கி பின்னால உதைக்கும். சிலிண்டர்ல காத்திருக்கற மத்தத் தோட்டாக்களோட கூடும் சேர்ந்து பின்னால போகும். கனமான குண்டு நகர மனசில்லாம அங்கயே நிக்கப் பார்க்கும். ஆக, கூட்டை விட்டுக் குண்டு முன்னால வழுக்கும். மூக்கு வெளிய நீட்டினா சிலிண்டர் சுத்தாது. அதைத் தடுக்கத்தான் கூட்டோட வாயை உள்பக்கமா மடிச்சுப் பிடிக்க வைப்பாங்க.

மறுநாள் சுடுதளத்துல அஞ்சு சுட்டார். ஆறாவதைச் சுடல. வெளிய எடுத்து வெர்னியர் காலிபர்ல வச்சு அளந்தார். அரை மில்லிமீட்டர் நீண்டிருந்தது. ஒண்ணும் சொல்லாம பெட்டியை மூடினார்.

அன்னிக்கு சாயங்காலம் சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவியை எடுத்தார். தோட்டாவை அதுல மாட்டி ஓங்கித் தட்டினா, சுத்தியல் சட்டுன்னு நிக்கும், குண்டு மட்டும் நிக்காம முன்னால வந்து விழும். எந்தக் குணத்தால கெட்டுப்போச்சோ அதே குணத்தை வச்சே பிரிக்கறாங்க. மிச்சம் இருந்தது நாப்பத்தஞ்சு தோட்டா. நாப்பத்தஞ்சையும் ஒண்ணொண்ணாத் தட்டிப் பிரிச்சு, மருந்தைத் தனியாக் கொட்டி மூடி வச்சிட்டுத்தான் சாப்பிட வந்தார்.